பிரேசில் மெட்டும் அரைப்பேரும்

இசைத்தட்டுக்கு லேபில் துண்டு எழுதும் வேலையை உங்களில் யாரும் விரும்பிச் செய்வதில்லை என்று கேள்விப்பட்டேன். பாட்டைப் பதிவதுதான் தொழில், பெயர் எழுதுவது குமாஸ்தா வேலை என்று நினைக்கிறீர்கள். குற்றம் சொல்லமாட்டேன், உங்கள் வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த இசைத்தட்டுத் தொழிலில் நான் செய்யாத கோமாளித்தனம் இல்லை. மெழுகுத் தட்டை வெயிலில் வைத்து உருக்கியிருக்கிறேன். ஒரு பாகவதர் என்று நினைத்து வேறொரு பாகவதரை ரயிலேற்றிக் கொழும்பு வரை கூட்டிப் போயிருக்கிறேன். அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். ஒன்றை மட்டும் அப்படிச் சொல்ல வரவில்லை. ஒரு மனிதர் என்னிடம் ஒரே ஒரு காரியம் கேட்டார், தட்டில் தன் பெயர் வரவேண்டும் என்று. எழுத வேண்டிய பென்சில் என் கையில் இருந்தது. நான் எழுதவில்லை.

பெரிய யுத்தத்துக்கு முந்தின காலம் அது. ரப்பருக்கு விலை ஏறி, சப்ரகமுவ மலைகளில் கண்ட இடமெல்லாம் ரப்பர் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். இரத்தினபுரியில் வாப்பா விளக்குக் கடை வைத்திருந்தார், அதில் ஒரு மூலையில் நான் கிராமபோன் விற்றேன். ஒலிப்பதிவுக்காகச் சீமையிலிருந்து துரை யாராவது வந்தால், தமிழும் சிங்களமும் தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிடுவார்கள். வித்துவான்களைத் தேடிப் பிடிப்பேன். அவர்கள் கோபத்தை ஆற்றுவேன். துரை திட்டுவதைப் பாதியாகக் குறைத்து அவர்களுக்குச் சொல்வேன், அவர்கள் திட்டுவதைத் துரைக்குச் சொல்லவே மாட்டேன். கடைசியில் லேபில் துண்டு எழுதுவேன்.

உங்களுடைய மின்சார மைக் அப்போது கிடையாது. பெரிய தகரப் புனல் ஒன்று, தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஷின். புனலின் வாயை ஒட்டி நின்று வாசித்தால்தான் ஊசி மெழுகில் கீறும். வாசித்து முடித்ததும் வித்துவான் புனலுக்குள் குனிந்து தன் பெயரைச் சொல்லவேண்டும், அது அந்தக் காலத்து வழக்கம். தட்டு அச்சாகும் இடம் கடலுக்கு அப்பால். அங்கிருப்பவர்களுக்கு நம் பாஷையில் ஒரு எழுத்தும் தெரியாது. என் துண்டைப் பார்த்து அப்படியே லேபில் அடிப்பார்கள். என்னை இந்தத் தொழிலில் சேர்த்துவிட்ட கொழும்புப் பெரியவர் முதல் நாளே சொன்னார்: "நீ எழுதினாத்தான் அங்க ஆள் இருக்கும். எழுதாட்டி ஆளே இல்ல." வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குருவிட்டவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர் சூசைநாதர். தஞ்சாவூர்ப் பக்கம் முறையாக வயலின் படித்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானப்பாட்டுக்கு வாசிப்பார், மற்ற நாட்களில் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து ராகம் வாசிப்பார். அந்தத் தோட்டத்துத் துரை முன்பு பிரேசிலில் ரப்பர் காட்டில் வேலை பார்த்தவர். அங்கிருந்து கொண்டுவந்த தட்டு ஒன்று பங்களாவில் ஓடிக்கொண்டிருக்கும். ஏதோ ஆட்ட மெட்டு. கணக்குப் புத்தகம் கொடுக்கப் போன சூசைநாதர் வராந்தாவில் நின்று கேட்டுக் கேட்டே அதை வயலினில் பிடித்துவிட்டார். அந்தத் தட்டின் லேபில் ஈரத்தில் உரிந்துபோயிருந்தது. வாசித்தவர் யார் என்று துரைக்கும் தெரியாது.

ஆட்டப் பாட்டு வாசிக்கிறாரே என்று பாதிரியார் ஒருமுறை முகம் சுளித்தாராம். சூசைநாதர் சொன்ன பதிலைத் தோட்டமே சொல்லிச் சொல்லிச் சிரித்தது: "சாமி, நம்ம ரப்பர் மரமே பிரேசில் மரந்தானுங்களே. அது பால் குடுத்தா வாங்கிக்கிறோம், பாட்டுக் குடுத்தா மட்டும் வேணாங்கலாமா?"

ஒலிப்பதிவுத் துரையும் தோட்டத்துத் துரையும் சிநேகிதர்கள். ஆகவே மெஷினைத் தோட்டத்துக்கே கொண்டுபோனோம். ரப்பர் சீட்டு அடுக்குகிற ஸ்டோரில் பாதியை ஒழித்துத் தந்தார்கள். எங்களை இறக்கிவிட்ட மாட்டுக் கரத்தைக்காரர் வானத்தைக் காட்டி, "வெஸ்ஸ எனவா, மாத்தயா" என்றார். மழை வருகிறதென்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மழை வந்துவிட்டது. மழையில் மரத்தில் பால் வெட்டமுடியாது. தோட்டம் முழுதும் சும்மா இருந்தது.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. முழு நாளும் வேலை செய்தவருக்குச் செக்ரோல் என்கிற ஆள் கணக்குப் புத்தகத்தில் முழுப்பேர் விழும். மழை வந்து பாதியில் நின்றால் அரைப்பேர். காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கூப்பிடும்போது செக்ரோலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் இதே சூசைநாதர்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு கீர்த்தனைகளும் தேங்காய் உடைத்தாற்போல் முடிந்தன. இரத்தினபுரியிலிருந்து வந்த மிருதங்கக்காரர் நன்றாகவே வாசித்தார். பிரேசில் மெட்டு தொடங்கியதும்தான் வண்டி குடைசாய்ந்தது. அந்த மெட்டில் அழுத்தம் விழவேண்டிய இடத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளித் துள்ளி விழும். மிருதங்கக்காரரின் விரல் அதை இழுத்து இழுத்துச் சமத்தில் உட்காரவைத்தது. ஆட்டப் பாட்டு பஜனையாகிவிட்டது. ஒத்திகையிலேயே ஒலிப்பதிவுத் துரை ஆகாதென்று தலையை ஆட்டினார். மிருதங்கக்காரர் நல்ல மனிதர், கூடம் கோணல் என்று சொல்லவில்லை. "இது என் கையில ஏறாது, ஐயா" என்று சொல்லி வாத்தியத்துக்கு உறை போட்டுவிட்டார்.

மழைச் சத்தத்துக்கு நடுவே அப்போதுதான் அது கேட்டது. முற்றத்துக்கு அந்தப் பக்கம், ரப்பர் சீட்டைப் புகையில் காயவைக்கும் புகைவீட்டிலிருந்து யாரோ தப்பு அடிக்கும் சத்தம். அடித்தவர் பிரேசில் மெட்டைத்தான் அடித்துக்கொண்டிருந்தார். துள்ளல் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் விழுந்தது. சூசைநாதர் வில்லைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"யார் அது?" என்றேன்.

"கறுப்பன். புகைவீட்டுக்கு நெருப்புப் போடுறவன். நான் ராத்திரியில வாசிக்கிறதக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கான்போல." சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எதற்கென்று எனக்குத் தெரியும். சாவு வீட்டுக்கும் பிரட்டுக்கும் அடிக்கிற தப்பு, அதை அடிக்கிற சாதி. கிறிஸ்து வேதத்தில் இருந்தாலும் சரி, இந்துக் கோயிலுக்குப் போனாலும் சரி, சங்கீதம் படித்தவர் அந்த மனிதரோடு சேர்ந்து உட்காரமாட்டார்.

தம்பிமாரே, இங்கேதான் நான் என்னை மகா கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். தப்பு பெரிய சத்தம், புனலுக்குக் கிட்ட அடித்தால் ஊசி துள்ளிவிடும். ஆகவே அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தலாம் என்றேன். கிளாக்கருக்கு அவரோடு நிற்காத நிம்மதி, தப்புக்காரருக்கு மெஷின்தான் காரணம் என்ற சமாதானம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மாங்காய் விழுந்தது என் தலையில்தான்.

கையில் மிஞ்சியிருந்தது மூன்று மெழுகுத் தட்டு. ஒருவரையொருவர் பார்க்கமுடியாததால் முதல் தட்டில் வயலின் ஒரு பக்கமும் தப்பு ஒரு பக்கமுமாகப் போயின. இரண்டாவதில் சாரல் பட்டுத் தப்பின் தோல் நனைந்து தொய்ந்து, பாதியில் சத்தமே செத்துவிட்டது. தப்புக்காரர் வாசலில் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சப் போனார். தடுப்புக்குப் பின்னாலிருந்து துரை பாய்ந்து வந்து கத்தினார். மெழுகுக்கு நெருப்பு ஆகாது, தப்புக்கு நெருப்பு இல்லாமல் ஆகாது. மிச்சம் ஒரே தட்டு. மறுநாள் நாங்கள் கண்டிக்குப் போகவேண்டும்.

தப்புக்காரருக்கு முப்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், கண்கள் புகையில் சிவந்திருந்தன. நனைந்த தலைத்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தோட்டத்தில் என்னை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நானா, ஒண்ணு சொல்லலாங்களா? நெருப்பு புகைவீட்டுல இருக்குதுங்க. தோலை அங்க காச்சிட்டு, ரப்பர் சீட்டுல சுத்தி மழை படாம கொண்டாந்துர்றேன். ஆனா நான் உள்ளுக்கு நிக்கணும். ஐயா குதிகாலு எனக்குத் தெரியணும். அவுங்க தாளம் அங்கதாங்க இருக்கு."

சூசைநாதர் புனலைப் பார்த்து நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் வாசித்தார். காலில் பூட்ஸ். தோட்டத்துக் கிளாக்கர் என்றால் பூட்ஸ்தானே.

"பூட்ஸு போட்டிருந்தா குதிகால் எப்பிடி தெரியும்?" என்றேன், யோசிக்காமல்.

கிளாக்கர் முன்னால் வருகிற தொழிலாளி செருப்பைக் கழற்றவேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். கிளாக்கரின் பூட்ஸைக் கழற்றச் சொல்லித் தொழிலாளி கேட்டதாக எந்தத் தோட்டத்திலும் கதை கிடையாது. இப்போதுகூட அவர் கேட்கவில்லை, நான்தான் கேட்டுத் தொலைத்தேன். கிளாக்கர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெட்டிமேல் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார்.

"உள்ள வா" என்றார். அவ்வளவுதான்.

தப்பு காய்ந்து வருவதற்குள் நான் வழக்கம்போல் பாடம் சொன்னேன்: வாசித்து முடித்ததும் ஐயா புனலுக்குள் குனிந்து பெயரைச் சொல்லவேண்டும், பிறகு நான் கையைக் காட்டும்வரை மூச்சு விடக்கூடாது. தப்புக்காரர் அப்போதுதான் ரப்பர் சீட்டைப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"எம் பேரும் சொல்லுவீங்களா?"

"கறுப்பன்தானே?" என்றார் கிளாக்கர்.

"இல்லீங்கய்யா. மாயாண்டி."

"செக்ரோல்ல கறுப்பன்னுல்ல இருக்கு? ஒம்பது வருஷமா நாந்தானே எழுதுறேன்?"

"கறுப்பன் எங்கண்ணனுங்க. கப்பலுக்கு முந்தின முகாமுல வாந்திபேதி கண்டு செத்துப்போச்சு. அது கழுத்துல கெடந்த தகர டிக்கெட்டக் கழட்டி, ஆளு குறையக் கூடாதுன்னு கங்காணி எங் கழுத்துல மாட்டி விட்டாருங்க. அன்னையிலருந்து கறுப்பன்னு கூப்புட்டா நான் ஆமாங்கிறேன். செத்த அண்ணனுக்குத்தான் தெனமும் பேரு விழுது." தப்பை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். கணீரென்றது. "எனக்கு ஒரு தடவ விழட்டுங்களே. காசு வேணாங்க."

கிளாக்கர் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி, பாப்பம்" என்றேன். நம் தொழிலில் 'பாப்பம்' என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

வாசித்தார்கள். அந்த மூன்று நிமிஷத்தைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல எனக்கு வராது. பலகைத் தரையில் வெறுங்கால் குதிகால் ஒன்று எழுந்து எழுந்து இறங்கியது. கதவோரத்தில் இரண்டு சிவந்த கண்கள் அதையே பார்த்தன. ஒரு இடத்தில் சூசைநாதர் வேண்டுமென்றே மெட்டை நிறுத்தி, ஒரு ராகப் பிடியை நுழைத்து, பிறகு தாவி வந்தார். தப்பு அவருக்காகக் காத்திருந்து சரியான இடத்தில் அவரை ஏந்திக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கம் என்ன?

முடிந்ததும் சூசைநாதர் புனலுக்குள் குனிந்தார். கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. அந்தப் புனலுக்குத் தூரத்து மழை காதில் விழாது, எனக்கு மழையைத் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அவர் குனிந்திருந்தார் என்பது மட்டும் ஞாபகம்.

பிறகு லேபில் துண்டை எடுத்து எழுதினேன். 'பிரேசில் தேசத்து மெட்டு. வயலின்: சூசைநாதர்.' அடுத்த வரியில் 'தப்பு' என்று எழுதிவிட்டுப் பென்சிலை நிறுத்தினேன். லேபிலில் 'தப்பு: மாயாண்டி' என்று வந்தால், பிழை செய்தவர் மாயாண்டி என்றல்லவா கடையில் வாசித்துச் சிரிப்பார்கள்? நல்ல நியாயம் கிடைத்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். உண்மையில் நான் பயந்தது வேறொன்றுக்கு. தப்பு என்று தெரிந்தால் கொழும்பில் பெரிய வீட்டுக்காரர்கள் இந்தத் தட்டைத் தொடமாட்டார்கள். வேறு விதமாக எழுதியிருக்கலாம். 'தாளம்: மாயாண்டி' என்று எழுத எத்தனை நேரம் ஆகும்? நான் அந்த வரியை அழித்தேன். ரப்பர் துண்டால் அழித்தேன், அந்தத் தோட்டத்திலேயே உட்கார்ந்துகொண்டு.

மாதக்கணக்கில் கழித்துத் தட்டுகள் கப்பலில் வந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு கிராமபோனையும் தூக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பகலில் தோட்டத்துக்குப் போனேன். கிளாக்கர் குவார்ட்டர்ஸ் வாசலில் மெஷினை வைத்தோம். கோயிலுக்குப் போய் வந்தவர்களும் லயங்களில் குடியிருந்த ஆட்களும் கூடிவிட்டார்கள். மாயாண்டி குளித்து, தலையில் வெள்ளைத் துண்டு கட்டி, முன்னால் வந்து நின்றார். நான் தட்டை உறையிலிருந்து எடுத்ததும் கேட்டார்:

"இதுல எம் பேரு எங்கனங்க இருக்கு? ஒரு தடவ தொட்டுக் காட்டுங்க."

அவருக்கு வாசிக்கத் தெரியாது. லேபிலில் தங்க எழுத்தில் நாலைந்து சொற்கள் இருந்தன. எதைத் தொட்டுக் காட்டினாலும் அவர் நம்பியிருப்பார், சாகும்வரை அந்த எழுத்தைத் தன் பெயர் என்று தடவிக்கொண்டிருப்பார். தம்பிமாரே, நெருக்கடி என்றால் மெழுகு உருகுவதும் ஊசி உடைவதும் அல்ல. என் விரல் எழுந்தது. 'பிரேசில்' என்ற சொல்லின்மேல் போய் நின்றது. இதுதான் என்று சொல்ல வாய் திறந்தேன். தமிழ் வாசிக்கத் தெரிந்த சூசைநாதர் பக்கத்தில் நின்றார், என் விரலைப் பார்த்துக்கொண்டு.

"இல்ல" என்றேன். "ஒங்கட பேரு இதுல இல்ல. நான் எழுதல்ல."

மாயாண்டி என்னைத் திட்டவில்லை. "அப்பிடிங்களா" என்று சொல்லி, கட்டியிருந்த வெள்ளைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் திட்டியிருக்கலாம்.

"தட்டைப் போடுங்க, நானா" என்றார் சூசைநாதர்.

சாவி கொடுத்து ஊசியை வைத்தேன். மெட்டு ஓடியது. பிள்ளைகள் ஆடினார்கள். கூட்டத்தில் யாரோ, "நம்ம தப்புய்யா!" என்று கத்தினார்கள். மெட்டு முடிந்து ஊசி கரகரத்தது, பிறகு சூசைநாதர் குரல், தூரத்திலிருந்து வருவதுபோல்:

"வயலின், சூசைநாதன். என்னோட கூட நின்னு தப்பு அடிச்சவர், மாயாண்டி."

அடிச்சவன் என்று சொல்லவில்லை, அடிச்சவர். ஒன்பது வருஷம் 'வா, போ' என்று ஆள் கூப்பிட்ட வாய். நான் கிளாக்கரைப் பார்த்தேன்.

"அந்தப் பிரேசில்காரன் பேரு இல்லாத தட்டுலருந்து படிச்சவன் நான்" என்றார். "செக்ரோல்ல பேர மாத்த எனக்கு உரிமை இல்ல. புனல்ல இருந்துச்சு."

மாயாண்டி இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. மெட்டை அவர் கேட்கவில்லை, கடைசி வார்த்தைக்காக நின்றார். மூன்றாம் தடவை முடிந்ததும் துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"எழுத்துல விழல, சத்தத்துல விழுந்துருச்சுங்க, நானா. பரவால்ல. அரைப்பேரு."

கூட்டம் சிரித்தது. மழை நாளில் எத்தனையோ தடவை அரைப்பேர் வாங்கியவர்கள் அவர்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

லேபிலை மாற்றச் சொல்லி எழுதினேன், அதிகம் விற்காத தட்டுக்கு யார் மறுபடி லேபில் அடிப்பார்கள்? யுத்தம் வந்தது. மாயாண்டி யட்டியாந்தோட்டைப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போனதாகச் சொன்னார்கள், அங்கே எந்தப் பெயரில் பதிந்தாரோ தெரியாது. அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு துண்டிலும் ஜால்ரா போட்டவர் பெயர்கூட உண்டு. முதலாளிமார் இடம் போதாது என்று கத்தியிருக்கிறார்கள். எழுத்தைச் சின்னதாக்கினேன், ஆளை விடவில்லை.

மீதி அரைப்பேர் இத்தனை காலமும் என்னிடமே நின்றுவிட்டது. உங்களுக்காக எழுதுகிற இந்தத் தாளிலாவது அது விழட்டும். பிரேசில் தேசத்து மெட்டு. வயலின் வாசித்தவர் சூசைநாதர். தப்பு அடித்தவர் மாயாண்டி. தப்புச் செய்தவன் நான்.